பின்னும் கைகள்

“நிறைமாசம் வரைக்கும் சரவெடி பின்னுனதாலதான பிள்ளைக்கு இப்படி ஆயிருச்சு, டாக்டரம்மா?”

முத்துப்பாண்டியின் மடியில் மகள் மாரிசெல்வி இருந்தாள். நான்கு வயது. இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே சேர்த்து, ஓயாமல் முறுக்கிக்கொண்டிருந்தாள். ஒன்றரை வயதில் பேசிய ஏழெட்டுச் சொற்களும் இப்போது இல்லை.

“யார் சொன்னது?” என்றார் டாக்டர் பிரீத்தி.

“ஊரே சொல்லுது. பிள்ளை கையைப் பாருங்க. திரியும் திரியும் சேத்து எம் பொண்டாட்டி பொன்மணி பின்னுவாளே, அச்சு அதே மாதிரி.”

டாக்டர் குனிந்து பார்த்தார். ஒரு கணம் அவருக்கும் அப்படித்தான் தெரிந்தது.

“ஆறு மாசம் முன்னாடி உங்க மூணு பேர் ரத்தத்தையும் ஐதராபாத்துக்கு அனுப்பினோமே, ரிப்போர்ட் வந்துருச்சு. பிள்ளைக்கு ஒரு ஜீன்ல கோளாறு.”

“அது என்ன வேலை பாக்கும்?”

“நீங்க போர்மேன்தானே? எந்த ரூம் ஓடணும், எதைப் பூட்டி வைக்கணும்னு பட்டாசுக் கம்பெனியில யார் சொல்றது?”

“நான்தான்.”

“அதே வேலைதான். மத்த ஜீன்கள்ல எது சும்மா கிடக்கணுமோ, அதை அடக்கி வைக்க உதவுற ஒரு புரதத்தை இந்த ஜீன் செய்யுது. இவளுக்கு அது சரியா இல்ல. அதான் பேச்சும் போச்சு, கையும் இப்படி.”

“போர்மேன் லீவு போட்ட கம்பெனின்னு சொல்லுங்க.”

“ஆமா.”

“எங்கிட்ட இருந்து வந்துச்சா, அவகிட்ட இருந்தா?”

“ரெண்டு பேர் ரத்தத்துலயும் இல்ல. புதுசா, தானா வந்தது.”

“அப்ப சரம் பின்னுனது?”

“அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. பட்டாசே செய்யாத ஊர்லயும் இந்த நோய் வந்த பிள்ளைங்க இப்படித்தான் கையை முறுக்கும். அடுத்த பிள்ளைக்கு வர்றதும் ரொம்ப அபூர்வம்.”

முத்துப்பாண்டி மகளின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நெசமாத்தான் சொல்றீகளா?”

“எழுதியே தர்றேன். பொன்மணிகிட்ட காட்டுங்க. பயப்படாம சரம் பின்னச் சொல்லுங்க.”

அவன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தான்.

“அடுத்த பிள்ளைக்கும் கை இப்படி ஆயிரக் கூடாதுன்னு, நான்தான் டாக்டரம்மா அவளைப் பின்னுற ரூம்ல இருந்து வெடிமருந்து செலுத்துற ரூமுக்கு மாத்திவிட்டேன்” என்றான். “அவ உள்ள இருக்கையில அந்த ரூம் வெடிச்சு, இன்னியோட நாப்பது நாளாச்சு.”