ஒரே மகள்

பேருந்து ஓட்டி முடித்த கையோடு, சீருடையைக்கூட மாற்றாமல், முதியோர் இல்லத்திலிருக்கும் அப்பாவைப் பார்க்க அவள் போவாள். மறதி நோய் முற்றிய அவருக்கு அவளை அடையாளம் தெரியாது. "என் சம்சாரம் இன்னும் வரலியே?" என்று மட்டும் கேட்பார்.

"அம்மா போய்ச் சேர்ந்துட்டாங்கப்பா" என்பாள். ஒவ்வொரு முறையும் அவர் புதிதாக அழுவார்.

ஒரு நாள் தாதி சொன்னாள்: "உங்க அக்கா தினமும் மதியம் வந்து ஊட்டிவிடுறாங்க. அவங்க வந்துட்டா ஐயாவுக்கு ஒரே சிரிப்புதான்."

"எனக்குக் கூடப் பிறந்தவங்க யாருமில்லையே."

"அட, குரல்கூட அச்சு அசல் உங்களோடதுதாங்க!"

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மதியமே போனாள். அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே அப்பா சிரித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா கடைக்குப் போயிருக்காங்கப்பா. இப்ப வந்துடுவாங்க" என்றது அவளுடைய குரல்.

கதவைத் திறந்தாள். அப்பா மட்டும் கட்டிலில் இருந்தார்.

"யாரும்மா நீங்க? எம்பொண்ணு இப்பதான் எந்திரிச்சுப் போனா."

அந்த அறைக்கு வேறு வாசல் கிடையாது.

"அவ வர்ற வரைக்கும் நான் இருக்கட்டுமா?" என்று கேட்டாள்.

வேற்றாளுக்குக் காட்டும் மரியாதையோடு அவர் நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தாள். இருக்கையில் இன்னும் உடம்புச் சூடு இருந்தது.