வால்வின் வாயை இறுக்கிய கதை

வயசான டிராக்டர் ஒன்றுக்குப் புதுப் பம்பு மாட்டினார்கள். எண்ணெயைத் தள்ளிக் கலப்பையைத் தூக்குவது அதன் வேலை. அழுத்தம் கூடிப்போனால், பக்கத்திலிருந்த வால்வு வாயைத் திறந்து மிச்ச எண்ணெயைத் தொட்டிக்கே திருப்பிவிடும்.

"நான் பாடுபட்டுத் தள்ளுறேன், இந்த ஆள் திருப்பி ஊத்துறாரே!" என்று பம்புக்கு ஒரே ஆத்திரம்.

டிரைவர் மாசானத்துக்கும் அவசரம். வால்வின் திருகாணியை இறுக்கிவிட்டான். கலப்பை பூப்போல எழும்பியது.

"தம்பி, எனக்கு வயிறு உப்புதுப்பா," என்றது எண்ணெய் கொண்டுபோகும் பழைய ரப்பர் குழாய்.

"பெரிசு, உமக்கு எப்பவும் முனகல்தான்," என்றது பம்பு.

வால்வு ஏதோ சொல்லப் பார்த்தது. வாயைத்தான் இறுக்கியாயிற்றே.

வரப்போரம் திரும்பும்போது குழாய் வெடித்தது. கலப்பை தொப்பென்று விழுந்தது. பம்பு மூச்சைப் பிடித்துத் தள்ளியது. எண்ணெயெல்லாம் சேற்றுக்குத்தான் போயிற்று.

மெக்கானிக் பிச்சமுத்து வந்தார். கலப்பை தரையில் நன்றாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் குழாயைத் தொட்டார். புதுசு மாட்டி, கேஜ் வைத்து அழுத்தம் பார்த்து, திருகாணியைத் தளர்த்தினார்.

மறுநாள் பம்பு, "தள்ளட்டுமா?" என்று புதுக்குழாயை மெதுவாகக் கேட்டது.

"என்னை ஏன் கேக்குற? அவரைக் கேளு."

"அண்ணே…" என்று வால்வு பக்கம் திரும்பியது பம்பு.

"தள்ளு தம்பி," என்றது வால்வு. "நான் இருக்கேன்ல."