மூங்கில் சாட்சி

“வீடு பார்க்க வர்றவங்க கண்ணு முதல்ல மூங்கில் மேலதான் விழும். ஒரு இலை மஞ்சளா இருந்தாலும், வீட்டுல ஏதோ கெட்டது நடந்திருக்குன்னு அப்படியே திரும்பிடுவாங்க” என்று தரகர் எச்சரித்திருந்தார். ஹாங்காங்கில் வீடு விற்பது லேசா என்ன? யுக்லான் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, குளோரின் போக ஒரு நாள் வைத்திருந்து ஊற்றினாள். இலை இலையாகத் துடைத்தாள். கண்ணாடி ஜாடியில் அதிர்ஷ்ட மூங்கில் தளதளவென்று நின்றது.

அன்று வந்த இளம் தம்பதிக்கு வீடு பிடித்துவிட்டது. கணவன் மட்டும் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

“தப்பா நினைக்காதீங்கம்மா. இந்த வீட்டுல துர்மரணம் ஏதாவது...”

“சேச்சே. நடந்திருந்தா மூங்கில் இப்படி வளருமா?”

அவன் முகம் தொங்கிப்போனது. “அப்போ எங்களுக்குக் கட்டாதும்மா. துர்மரணம் நடந்த வீடுதான் மலிவா வரும். பேய்க்குப் பயந்தா ஆகுமா? வாடகைதான் எங்களைக் கொல்லுது.”

“பாதி விலைக்குத் தர்றேன்” என்றாள் யுக்லான் அவசரமாக.

“சாவும் நடக்கலை, விலையும் பாதின்னா, பத்திரத்துல ஏதோ வில்லங்கம் இருக்கணும்.” அவன் செருப்பை மாட்டிக்கொண்டான்.

யுக்லான் வாசலை மறித்துக்கொண்டாள். “தம்பி, பொய் சொல்லிட்டேன். என் புருஷன் இந்த ஜன்னலைத் துடைக்கும்போதுதான் கீழே விழுந்து செத்தார்.”

அவன் மனைவி மூங்கிலைப் பார்த்தாள்; பிறகு யுக்லானைப் பார்த்தாள்.

“வீடு விக்கிறதுக்காக, உயிரோட இருக்கிற மனுஷனைச் சாகடிக்காதீங்கம்மா” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.