போகாத பயணிகள்

எழுபத்தெட்டு வயது அட்ராக்டா பஸ்ஸில் ஏறினார். இலவசப் பயண அட்டையை மெஷின் மேல் வைத்தார். பச்சை விளக்கு எரிந்தது.

“எதுவரைக்கும்?” என்றார் டிரைவர் ஃபெஸ்டஸ்.

“கதவு வரைக்கும்.”

“ஜன்னலோர சீட்டு வேணுமா?”

“வாயை மூடிக்கிட்டு வண்டியை எடுடா.”

அட்ராக்டா இறங்கி, குடையை விரித்துக்கொண்டு வந்த வழியே வீட்டுக்கு நடந்தார்.

மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த கொல்மன் நோட்டில் ஒரு கோடு போட்டார். அது ஒன்பதாவது கோடு. தபால் ஆபீஸ் வாசலில் ஐந்து பேர், சர்ச் வாசலில் மூன்று பேர் இதே மாதிரி ஏறி, அட்டையை வைத்து, இறங்கிப் போயிருந்தார்கள். அடுத்து மதுக்கடை நிறுத்தத்தில் இரண்டு பேர். அதில் ஒருவர் பைஜாமாவிலேயே வந்திருந்தார்.

கொல்மன் சமூக நலத்துறை இன்ஸ்பெக்டர். காகித பாஸ் இருந்த காலத்தில் செத்துப்போன அப்பாவின் பாஸில் மகன் போவான். அக்காவின் பாஸில் தங்கை போவாள். அதைத் தடுக்கத்தான் போட்டோவும் சிப்பும் வைத்த அட்டை வந்தது. எத்தனையோ திருட்டுப் பயணங்களைப் பிடித்தவர் அவர். பயணமே போகாதவர்களை இப்போதுதான் பார்க்கிறார்.

அவருடைய டப்ளின் ஆபீசுக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்திருந்தது. ‘மேயோ மாவட்டத்தில் எங்கள் ஊர் பஸ்ஸில் செவ்வாய், வியாழன், சனி காலையில் ஏறிப் பாருங்கள். அட்டைகளை வைத்து ஏமாற்றுகிறார்கள்.’

ஊர்க் கோடியில் ஒரு தனி வீட்டின் முன்னால் பஸ் நின்றது. ஃபெஸ்டஸ் இன்ஜினை அணைத்தார். தோட்டத்துப் பாதையில் ஓர் அம்மாள் கைத்தடி ஊன்றி மெதுவாக வந்துகொண்டிருந்தார்.

கொல்மன் எழுந்து போய் அடையாள அட்டையைக் காட்டினார்.

ஃபெஸ்டஸ் பெருமூச்சு விட்டார். “நினைச்சேன் சார். இவ்வளவு பளபளன்னு ஷூ போட்டுக்கிட்டு இந்தச் சேத்துக்கு வேற யாரு வருவாங்க?”

“பதினோரு பேர் ஏறினாங்க. பதினோரு பேரும் இறங்கிட்டாங்க. என்ன நடக்குது இங்க?”

“பழைய பாஸை யாரும் எண்ணல சார். இந்த மெஷின் எண்ணுது. ஒரு டிரிப்புக்குப் பன்னிரண்டு பேர் இல்லைன்னா, டிரிப்பையே நிறுத்திடுவாங்களாம்.”

“அப்போ நிஜமாப் போறவங்க?”

ஃபெஸ்டஸ் தாடையால் வெளியே காட்டினார். “டிலியா ஒருத்தங்கதான். ரெண்டு கிட்னியும் போயிடுச்சு. வாரத்துல மூணு நாள் டயாலிசிஸ். ஊர்ல இருக்கறது பூரா வயசானதுங்க, கார் ஓட்டறதை விட்டாச்சு. இந்த பஸ்ஸும் நின்னா, அவங்க பிறந்த வீட்டைப் பூட்டிட்டு டவுனுக்குப் போயிட வேண்டியதுதான்.”

கொல்மன் நோட்டிலிருந்த பதினோரு கோடுகளைப் பார்த்தார்.

“எந்தப் பாவி உங்களுக்கு எழுதிப் போட்டானோ! கையில மட்டும் கிடைச்சான்னா...”

டிலியா படியேறிக்கொண்டிருந்தார். ஃபெஸ்டஸ் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

“என்ன ஃபெஸ்டஸ், மூஞ்சி வெந்த முட்டைக்கோஸ் மாதிரி இருக்கு?”

“ஒண்ணுமில்ல டிலியா. உக்காருங்க.”

பன்னிரண்டாவது பச்சை விளக்கு எரிந்தது. பஸ் கிளம்பியது.

சீட்டுக்குத் திரும்பிய கொல்மன், இதை எந்த விதியின் கீழ் எழுதுவது என்று யோசித்தார். அட்டை அவரவருடையது. போட்டோவும் அவரவருடையது. பொய் மட்டும்தான் எல்லோருக்கும் பொது. ஆனாலும் எழுதினால் பஸ் நிற்கும்.

அவர் நோட்டை மூடிப் பைக்குள் வைத்தார்.

“நீங்க டப்ளின்ல இருந்து வந்த ஆபீசர்தானே?” பக்கத்து சீட்டிலிருந்து டிலியா கேட்டார்.

“ஆமாம். நீங்க கவலைப்படாதீங்க.” கொல்மன் குரலைத் தாழ்த்தினார். “வந்தது மொட்டைக் கடிதம். கையெழுத்து இல்லாத புகார் மேல நான் அறிக்கை எழுதணும்னு கட்டாயம் இல்ல.”

“கையெழுத்து இருந்தா?”

“அப்போ எழுதித்தான் ஆகணும்.”

டிலியா கையை நீட்டினார்.

“பேனா இருக்கா தம்பி?”

கொல்மனுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. டிலியா டிரைவர் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, அவருக்கு மட்டும் கேட்கும்படி பேசினார்.

“போன மாசம் நோரீன் அட்டையை வச்சிட்டு இறங்கறப்போ பனியில வழுக்கி இடுப்பெலும்பை உடைச்சுக்கிட்டா. எண்பத்திரண்டு வயசு. ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு, சனிக்கிழமை தனக்குப் பதிலா யாரு அட்டை வைப்பாங்கன்னு கவலைப்படறா. டவுன் முதியோர் இல்லத்துல நான் இடம் கேட்டு வச்சிட்டேன். போறேன்னு நாலு தடவை சொல்லியாச்சு. அட்ராக்டா என் பெட்டியையே தூக்கி ஒளிச்சு வச்சிட்டா.”

நீட்டிய கையை அவர் மடக்கவில்லை.

“பஸ் நின்னாத்தான் தம்பி, என்னைப் போக விடுவாங்க.”