மஞ்சள் கறை

“மறுபடியும் கொட்டிட்டியா? அது கையா, வேற என்னமாவதா?”

ஆட்டோவை விட்டு இறங்கும்போதே மலர்க்கொடிக்கு அம்மாவின் குரல் கேட்டது. சிதம்பரத்திலிருந்து கடலூர் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த அலுப்பு. வந்து சேர்ந்தால் வீட்டில் இந்தக் கச்சேரி.

சாப்பாட்டு மேஜையில் அந்த வெள்ளை விரிப்பு. அம்மா சௌந்தரம் கல்யாணத்துக்கு முன்னால் குரோஷா ஊசியால் தானே பின்னி, சீரோடு சீராகக் கொண்டு வந்தது. அதன் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் கறை.

பக்கத்தில் தம்பி பெண்டாட்டி ஜோதிலட்சுமி நின்றிருந்தாள். ஜவுளிக்கடை வேலைக்குக் கட்டிய சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள். தூக்கம் போதாத முகம்.

“குழம்புக் கிண்ணம் கை தவறிடுச்சு அத்தை.”

“தவறும், தவறும். சோப்பை எடுக்காத. மஞ்சள்ல சோப்பு பட்டா செக்கச்செவேல்னு ஆயிடும். ப்ளீச்சிங் பவுடர் பக்கமே போவாத. பழைய நூலு, இத்துப் போயிடும். பச்சத் தண்ணியில அலசு. முறுக்காத. துண்டுல வெச்சு சுருட்டி ஒத்தி எடு.”

சொல்லிக்கொண்டே சௌந்தரம் கம்பை ஊன்றிப் பின்வாசலுக்கு நடந்தாள். விரிப்பைப் பாயில் தட்டையாகப் போடச் சொல்லி, ஓரங்களைத் தானே இழுத்து விட்டாள். காக்கா அசிங்கம் பண்ணாமல் காவலுக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்திலேயே மருமகளை இன்னொரு சுற்று வைதபடி, ரெண்டு தோசையும் சாப்பிட்டாள்.

மலர்க்கொடிக்குப் பொறுக்கவில்லை. போன தடவை வந்தபோதும் இதே கறை, இதே திட்டு. அப்பா போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அம்மா சாப்பிடாமல் கிடக்கிறாள் என்று தம்பி பாண்டியன் அப்போது போனில் அழுதான். இப்போதுதான் ஏதோ தேறியிருக்கிறாள். அவளைப் போய் இப்படிப் படுத்தலாமா?

சாயங்காலம் விரிப்பு பழையபடி வெளுத்துக் காய்ந்திருந்தது. ஜோதிலட்சுமி வேலையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“ஜோதி, இதை நான் சிதம்பரத்துக்கு எடுத்துட்டுப் போறேன்.”

“வேணாம் அண்ணி. இங்கயே இருக்கட்டும்.”

“இங்க கெடந்தா கந்தலாயிடும். உனக்கு இதோட அருமை தெரியல.”

“சொன்னா கேளுங்க அண்ணி.”

“எங்கம்மா பொருளை எனக்குக் குடுக்க உனக்கு என்ன கஷ்டம்?”

ஜோதிலட்சுமி புருஷனைப் பார்த்தாள். அக்காவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் மாட்டிய பாண்டியன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாள் முழுக்க நின்ற காலோடு சண்டை போட அவளுக்குத் தெம்பில்லை. மடித்துக் கொடுத்துவிட்டாள்.

மறுநாள் காலையில் சௌந்தரம் வெறும் மேஜையைப் பார்த்தாள்.

“மலரு எடுத்து வெச்சிக்கிட்டாளா? நல்லது.”

அவ்வளவுதான். போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். காபி ஆடை கட்டியது. மலர்க்கொடி இட்லி கொண்டுபோனாள். “வேணாம்.” பால் ஆற்றிக் கொடுத்தாள். அம்மா அதையும் தொடவில்லை.

மலர்க்கொடி பால் டம்ளரை அப்படியே வைத்தாள். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஜோதிலட்சுமியிடம் ஓடினாள்.

“அம்மா எழுந்திரிக்கவே மாட்டேங்குது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போலாமா?”

“டாக்டருங்க பாத்துட்டாங்க அண்ணி. ஒடம்புல ஒண்ணுமில்லையாம்.” ஜோதிலட்சுமி குரலைத் தாழ்த்தினாள். “மாமா இருந்தவரைக்கும் அவரைத் திட்டிக்கிட்டே ஓடியாடுவாங்க. அவரு போனதும் இப்படிப் படுத்துட்டாங்க. ஒருநா அசதியில நெசமாவே அந்த விரிப்புல சாம்பாரைக் கொட்டிட்டேன். அன்னிக்குத்தான் எழுந்து உக்காந்தாங்க. என்னைத் திட்டித் தீத்துட்டு வயிறாரச் சாப்புட்டாங்க.”

“அப்ப நேத்து?”

“சாம்பார்ல எண்ணெய் இருக்குது, கறை லேசுல போவாது. அதான் அப்புறமெல்லாம் நானே ஊத்துறது வெறும் மஞ்சத் தண்ணி. வெயில்ல போயிடும். நூலும் கெடாது.”

“இதை நேத்தே சொல்லியிருக்கலாமில்ல?”

“அத்தை காதுல விழுந்துட்டா?”

மலர்க்கொடிக்கு அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. போய்ப் பையைத் திறந்து, விரிப்பை எடுத்து மேஜையில் விரித்தாள். சுருக்கமில்லாமல் நீவிவிட்டாள்.

“நீ கெளம்பு ஜோதி, பஸ்ஸு போயிடும். இன்னிக்குத் திட்டு நான் வாங்கிக்கறேன். மஞ்சத்தூள் டப்பா எங்க இருக்குது?”