ஓனரம்மா லீவு

ஞாயிறு மதியம், நோரா பாயில் தலை சாய்த்ததும் கம்பெனி ஃபோன் அடித்தது.

எழுந்து உட்கார்ந்தாள். தொண்டையைச் செருமினாள். ஸ்ரீவித்யாவானாள்.

லிங்கராஜபுரத்தில் அந்த வாடகை வீட்டின் முன்னறையில் கிரைண்டர்கள், பின்னறையில் நோரா. இட்லி மாவு அரைத்து ஹோட்டல்களுக்கும் கேன்டீன்களுக்கும் தருகிறாள். ஊறப்போடுவது, அரைப்பது, பாக்கெட் கட்டுவது, ஸ்கூட்டரில் கொண்டுபோய்ச் சேர்ப்பது எல்லாம் அவளே. ஆள் வைத்தால் கட்டுப்படியாகாது.

போன மாதம், கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது நின்றவாக்கிலேயே தூங்கிவிட்டாள். துப்பட்டா குழவியில் சிக்கி, கழுத்து இறுகியபோதுதான் விழித்தாள். சுவிட்ச் எட்டும் தூரத்தில் இருந்தது.

இனி ஞாயிறு லீவு என்று அன்றே முடிவு செய்தாள்.

முடிவு செய்வது சுலபம். அதை வாடிக்கையாளரிடம் யார் சொல்வது? நோராவுக்கு ‘முடியாது’ என்ற சொல் வாயில் வராது. ‘பாக்கறேங்க’ என்றுதான் வரும். பார்க்கிறேன் என்றவள் செய்துதானே ஆக வேண்டும்.

ஃபோனை அணைத்தும் பார்த்தாள். ஒரு ஹோட்டல் அன்றைக்கே வேறு ஆளிடம் போய்விட்டது.

அதனால் ஃபோன் எடுக்கும் வேலைக்கு ஒரு பெண்ணைக் கற்பனையாக உண்டாக்கினாள். பெயர் மைக்ரோபயாலஜி வகுப்புத் தோழியுடையது. ரெக்கார்டு எழுதித் தா என்று யாராவது கெஞ்சினால், அந்த ஸ்ரீவித்யா ‘முடியாது’ என்பாள். காரணம் சொல்ல மாட்டாள். மைக்ராஸ்கோப்பில் குனிந்துகொள்வாள்.

வகுப்பில் பாதிப் பேருக்கு ரெக்கார்டு எழுதிக் கொடுத்தவள் நோரா.

ஃபோனில் வரும் ஸ்ரீவித்யா அந்த ஊர் மொழியான கன்னடத்தில் பேசினாள். தமிழில் நெஞ்சை அடைக்கும் சொல், கன்னடத்தில் ‘ஆகல்லா’ என்று லேசாகக் கழன்று வந்தது.

இப்போது அழைத்தவர் வேதநாயகி. தொம்மலூரில் ஓர் ஆபீஸ் கேன்டீனை நடத்துகிறவர். நாளைக் காலைக்கு இரண்டு மடங்கு மாவு வேண்டுமாம். இன்றே அரைத்தாக வேண்டுமாம்.

“ஆகல்லா மேடம். பானுவாரா ரஜா.” ஞாயிறு லீவு என்றாள்.

“தமிழ்லயே சொல்லும்மா. உன் கன்னடம் கிருஷ்ணகிரியில பஸ் மாறி வருது.”

நோராவுக்குச் சிரிப்பு வந்தது. ஸ்ரீவித்யா சிரிக்க மாட்டாள் என்பதால் அடக்கிக்கொண்டாள்.

“ஓனரம்மா இன்னைக்கு லீவுங்க. மெஷின் ஓடாது.”

“அவங்க காலை நீட்டிப் படுத்துப்பாங்க, நீ ஃபோன் எடுக்கணுமா? நல்லா இருக்கே நியாயம்! உனக்கு எப்பம்மா லீவு?”

நோரா வாயைத் திறந்தாள்.

பெயர், குரல், மொழி, கறார் எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துக் கொடுத்திருந்தாள். லீவு கொடுக்கத் தோன்றவே இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் ஓனரம்மா படுத்த பாயில் ஸ்ரீவித்யா எழுந்து உட்கார்ந்திருக்கிறாள்.

அந்த மௌனத்தை வேதநாயகி வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். அவர் குரல் இறங்கியது.

“அழாத கண்ணு. மாவு கிடக்கட்டும், வேற எடத்துல வாங்கிக்கறேன். நீ ஒண்ணு பண்ணு, என்கிட்ட வந்துடு. இப்படி மூஞ்சிக்கு நேரா இல்லன்னு சொல்ற பொண்ணுதான் எனக்கு கேன்டீன்ல வேணும். காலையில எட்டுக்கு வா, சாயங்காலம் அஞ்சுக்குக் கிளம்பு. ஞாயிறு லீவு. காய்ச்சல்னு படுத்தா சம்பளம் பிடிக்க மாட்டேன். உங்க ஓனரம்மா காதுல மட்டும் இப்ப போட்டுடாத.”

மறுக்க வேண்டும். மறுப்பதற்கென்றே உண்டாக்கப்பட்டவள் ஸ்ரீவித்யா.

முன்னறையில் அரிசி மூட்டைகள் சுவரோடு சாய்ந்திருந்தன. பொழுது சாய்ந்தால், நாளை அரைப்பதற்கு ஊறப்போட வேண்டும். செவ்வாய்க்கிழமை மாவுக்கு ஞாயிறு தெரியாது.

வீட்டில் வேறு யாரும் இல்லை.

இருந்தும் நோரா எழுந்துபோய் அறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“எப்ப மேடம் வந்து சேரணும்?”