சந்து முனையில் நின்ற பேருந்து

வியட்நாமின் ஹுவே நகரில் ஆற்றுப்பாலத்தைத் தாண்டியதும், கப்பல் பயணிகளை ஏற்றிவந்த பேருந்து நெரிசலில் நின்றுவிடுகிறது. மைக்கில் அரண்மனைக் கதை சொல்லிக்கொண்டிருக்கும் வழிகாட்டி உயென், ஜன்னல் வழியே தன் வீடு இருக்கும் சந்துக்குள் பார்த்து மைக்கைத் தாழ்த்துகிறாள். காலையில் அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு வந்த அதே வீட்டு வாசலில், அண்ணன் நெற்றியில் துக்கத்துக்கான வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு தூறலில் நிற்கிறான். மேளம் கேட்கிறது. ஓட்டுநர் பாவ் குரலைத் தாழ்த்துகிறார். “ஓடு தங்கச்சி. இவங்கள நான் பாத்துக்கறேன்.”

“அவங்க பாஷை உங்களுக்குத் தெரியாதேண்ணே. சாயங்காலம் கப்பல் கிளம்பிடும். வேலை போயிடும்.”

முன்னிருக்கைப் பெண்மணி கேமராவோடு எழுகிறாள். “அங்க என்னம்மா திருவிழாவா?”

“இல்லீங்க. ஒரு பெரியவர் தவறிட்டார்.”

“அடடா. படம் எடுத்துக்கலாமா?”

உயென் ஜன்னலை மறைக்காமல் விலகி நிற்கிறாள்.